டிசைன் சாஃப்ட்வேர் ஷேர் வாங்கப் போறீங்களா... முதல்ல இதைப் படிங்க!

ஆடித்தபசு நெருங்கிவிட்டால் சங்கரன்கோவில் ஃபிளெக்ஸ் கடைகளில் டிசைன் வேலை ஓயாது. 'உலகமே போட்டோஷாப்ல ஓடுதே, அடோபி ஷேரை வாங்கிப் போட்டா என்ன?'னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க.

2013-ல் அடோபி சந்தா முறைக்கு மாறியது. பலர் திட்டினாலும், மாதாமாதம் வருமானம் நிலையாக வந்தது. 2022-ல் போட்டி நிறுவனமான ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்க முயன்றது. ஐரோப்பிய, பிரிட்டன் போட்டி ஆணையங்கள் ஆட்சேபித்ததால் 2023 டிசம்பரில் பின்வாங்கி, 100 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது.

அந்த ஃபிக்மா 2025 ஜூலையில் ஒரு பங்கு 33 டாலர் என ஐ.பி.ஓ வந்தது. முதல் நாள் முடிவில் 115.50 டாலர்! சில மாதங்களிலேயே அதில் பாதிகூட இல்லை. சாஃப்ட்வேர் அதேதான், முதல் நாள் விலைதான் ஓவர்.

அதனால மூணு கேள்வி கேளுங்க. பயன்படுத்துறவங்க எல்லாரும் காசு கட்டுறாங்களா? ஒரு வரி டைப் பண்ணினா ஏ.ஐ போஸ்டர் தர்ற காலத்துல, அவங்க சந்தாவைத் தொடர்வாங்களா? லாபத்தைப்போல எத்தனை மடங்கு விலை கொடுக்கிறோம்?

பதில் தெரியாம வாங்கினா, நீங்க முதலீட்டாளர் இல்ல... ரசிகர்!