கொப்பிக்குள் கிடக்கும் நோயாளி

கொட்டாஞ்சேனையிலிருந்து தேசிய வைத்தியசாலைக்குப் போகும் நீரிழிவு நோயாளியின் கையில் ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். சீனி, பிரஷர், குளிசையின் அளவு எல்லாம் அதில்தான் ஏறும். கிளினிக் நெரிசலில் வைத்தியருக்குக் கடைசிப் பக்கத்தைப் பார்க்கத்தான் நேரம். வெள்ளவத்தையில் தனியார் வைத்தியரிடம் போகிறவர்களுக்கு அந்தக் கொப்பியும் இல்லை. ஆய்வுகூட அறிக்கைகள் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடக்கும்.

கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தால் என்ன தவறும்? ஐம்பது வயது ஆண் ஒருவரின் இரத்தத்தில், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் 0.7 இலிருந்து 1.1 (mg/dL) ஆக ஏறுகிறது என்று வைப்போம். இரண்டு அறிக்கையும் ‘சாதாரணம்’ என்றே சொல்லும். ஆனால் கணக்குப் பார்த்தால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனில் சுமார் கால்வாசி போய்விட்டது. சரி, இரண்டு அளவை மட்டும் வைத்துப் பயப்படவும் கூடாது. ஆய்வுகூடம் மாறினாலே எண் சற்று மாறும். தற்செயலான ஆட்டத்தையும் உண்மையான சரிவையும் பிரித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் கோட்டை வரையும் முறையை லேயர்ட், வேர் என்ற புள்ளிவிபரவியலாளர்கள் 1982 இலேயே எழுதிவைத்தார்கள். நோயாளி ஒழுங்கான இடைவெளியில் வராவிட்டாலும் அது வேலை செய்யும்.

ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்வது நம்மால் முடியாததல்ல. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் 2007 இல் ராகமையில் 35 முதல் 64 வயது வரையானவர்களைப் பதிவுசெய்து பின்தொடர்ந்தார்கள். ஈரலில் கொழுப்புப் படிந்தவர்களுக்குப் பின்னர் நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடுதல் என்பது, அதே ஆட்களைத் திரும்பப் பார்த்ததால்தான் தெரிந்தது.

ஆனால் பின்தொடரும்போது விடுபட்டவர்களை மறக்கக் கூடாது. 2022 நெருக்கடியில் பெற்றோலும் மருந்தும் இல்லாமல் எத்தனையோ பேர் கிளினிக்கைத் தவறவிட்டார்கள். வந்தவர்களின் சராசரியை மட்டும் எடுத்தால் நிலைமை நன்றாகவே தெரியக்கூடும். பஸ் காசில்லாதவரும் நோய் முற்றிப் படுத்தவரும் அந்தச் சராசரியில் இல்லையே! ஆகவே வராதவர் ஏன் வரவில்லை என்பதும் பதியப்பட வேண்டும்.

ஒருவரின் பதிவுகள் எங்கே கிடந்தாலும் அவற்றை இணைக்க ஓர் இலக்கம் தேவை. சுகாதார அமைச்சு தனிநபர் சுகாதார இலக்கத்தை ஏற்கெனவே அறிமுகப்படுத்தியிருக்கிறது. அதைத் தனியார் ஆய்வுகூடங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும். ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதும் நாட்டில், பெயரை வைத்துப் பதிவுகளைப் பொருத்த முடியாது. காப்புறுதிக் கம்பனிகளின் கைக்கு இவை போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இங்கே கண்டிப்பாகப் பிரயோகிக்கட்டும். ஆனால் அந்த அச்சத்தைக் காட்டி இன்னும் பத்து வருடம் கொப்பியோடு ஓட்டக் கூடாது. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில், கணினிகளோடு நிறுத்தாமல், கொழும்பின் பெரிய கிளினிக் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளிவிபரவியலாளர் பதவியையும் ஒதுக்க வேண்டும்.