வினையூக்கி ஒதுங்கி நிற்பதன்று

வினையூக்கி என்பது தான் வினையில் கலந்துகொள்ளாமல் அதன் வேகத்தை மட்டும் மாற்றும் பொருள் என மாணவர் பலர் மனப்பாடம் செய்கின்றனர். வினை முடிந்தபின் வினையூக்கி மீண்டும் கிடைக்கிறது என்பது மெய்யே. ஆயினும், இடையில் அது ஒதுங்கி நிற்கிறது என்று கொள்வது பிழை. இவ்வரையறையை மொழிபெயர்ப்பாளர்கள் பெயர்த்துக்கொண்டே போவதும், ஆசிரியர்கள் கற்பித்துக்கொண்டே போவதும் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்கு நிக்கல் தக்கதொரு சான்றாகும்.

கரிமச் சேர்மம் ஒன்றில் கார்பன் மோனாக்சைடைப் புகுத்துவதே கார்பனைலேற்றம். ஜெர்மனியில் லுட்விக்ஷாபன் நகரிலிருந்த பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் வேதியியலர் வால்ட்டர் ரெப்பே, அசிட்டிலீன், கார்பன் மோனாக்சைடு, நீர் ஆகிய மூன்றையும் நிக்கலின் துணையால் இணைத்து அக்ரிலிக் அமிலத்தை ஆக்கினார். இன்று அவ்வமிலம் பெரும்பாலும் புரோப்பிலீனிலிருந்தே செய்யப்படுகிறது. எனினும் ரெப்பே முறை புகட்டும் பாடம் பழமையடையவில்லை. நிக்கல் முதலில் அசிட்டிலீனையும் கார்பன் மோனாக்சைடையும் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. அப்பிணைப்பிலேயே அவை ஒன்றுசேர்கின்றன. விளைபொருள் நீங்கியதும் நிக்கல் அடுத்த சுற்றுக்கு ஆயத்தமாகிறது. அது தேரோட்டத்தை வேடிக்கை பார்ப்பதன்று. வடம் பிடித்து இழுப்பது.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. உயிரைப் பற்றிய செய்தி. வினையில் கலந்துகொள்ளும் பொருள், வேறொரு பொருளாகவும் மாறக்கூடும். நிக்கல் அணு ஒன்று நான்கு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டால் நிக்கல் கார்பனைல் உண்டாகிறது. 1890-ஆம் ஆண்டில் லுட்விக் மாண்ட் குழுவினர் அறிவித்த இந்நிறமற்ற திரவம், 43 டிகிரி செல்சியசில் கொதிப்பது, கொடிய நஞ்சு. இதன் ஆவியைச் சுவாசித்தவருக்கு முதலில் தலைவலியும் மயக்கமும் தோன்றித் தணியலாம்; பல மணி நேரம் கழித்தே நுரையீரல் கடுமையாகத் தாக்கப்படும். தணிந்துவிட்டது என்றெண்ணி அவரை வீட்டுக்கு அனுப்புவது பேராபத்து.

அம்மோனியா ஆலைகளில், ஹைட்ரஜன் கலந்த வாயுவில் எஞ்சும் கார்பன் மோனாக்சைடை மீத்தேனாக மாற்ற நிக்கல் வினையூக்கி பயன்படுகிறது. உரிய உயர் வெப்பநிலையில் நிக்கல் கார்பனைல் நிலைப்பதில்லை. ஆனால் ஆலையை நிறுத்தும்போதோ தொடங்கும்போதோ, ஏறத்தாழ 200 டிகிரிக்குக் கீழுள்ள வினையூக்கியின்மீது அவ்வாயு படின், நஞ்சு உருவாகக்கூடும். வினையூக்கி மாறாதது என்று பள்ளியில் படித்த பணியாளன் இதை எங்ஙனம் எதிர்பார்ப்பான்?

பல்லேடியத்தைவிட நிக்கல் மலிவு என்பதால், ஆய்வாளர் மீண்டும் அதனை நாடுகின்றனர். கார்பன் மோனாக்சைடை ஓர் அறையில் அளவாக வெளிவிட்டு, அடுத்த அறையில் வினைபுரியச் செய்யும் ஈரறைக் கலங்களையும், நிக்கலை இறுகப் பற்றிநிற்கும் ஈந்தணைவிகளையும் அவர்கள் கையாளுகின்றனர். நிக்கல் செயலிழப்பதையும் நஞ்சு உண்டாவதையும் ஒருங்கே தடுக்க முயலும் இம்முறைகள், வினையூக்கியின் பங்கேற்பை அறிந்ததனால் பிறந்தவையே.

இளம் மாணவர்க்கு எளிய வரையறை போதாதா என்று சிலர் வினவலாம். எளிமை வேண்டுவதே, பிழை வேண்டுவதன்று. "வினையில் பங்குகொண்டு, அதனை விரைவுபடுத்தி, இறுதியில் மீண்டும் தோன்றும் பொருள் வினையூக்கி" எனக் கூறுவதில் கடினம் யாதுமில்லை. ஆசிரியர்கள் இவ்வரையறையை வகுப்பறையில் வழங்குவார்களாக. கள அலுவலர்கள் இதனை ஆலைப் பணியாளர்க்கு எடுத்துரைப்பார்களாக.