எந்த ஊரில் குடியேறுவது?



கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கை கேட்கிறார்: "கணவருக்குக் குருநாகலில் வேலை. உம்மா கட்டித் தந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போகவேண்டும். அவர் வேலைக்கு அருகே, நகரில் வாடகைக்கு எடுப்பதா? சற்றுத் தள்ளி, நம்மவர்கள் வாழும் ஊரில் எடுப்பதா?"

மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே நம் கிழக்கின் வழக்கம். எனவே உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் வழக்கம் வேறு, கடமை வேறு. வசதிக்கேற்ப மனைவியைக் குடியமர்த்தும் பொறுப்பை மார்க்கம் கணவன் மீதே வைத்திருக்கிறது.

மதீனா சென்ற நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசல் கட்டினார்கள். முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் சகோதரர்களாக்கினார்கள். அதேவேளை, பள்ளிக்கருகே குடிமாற விரும்பிய பனூ ஸலிமா கூட்டத்தாரை இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னார்கள். நடந்து வரும் காலடிகளும் பதிவாகின்றன என்றார்கள் (முஸ்லிம்).

ஆகவே, தூரத்தை மட்டும் அளக்காதீர்கள். கணவர் வேலைக்குப் போன பின் பகல் முழுதும் தனியே இருப்பவர் நீங்கள். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் எந்தக் கதவைத் தட்டலாம்? அந்தக் கதவு இருக்கும் ஊரே உங்கள் ஊர். கணவரின் பஸ் பயணம் சற்று நீண்டாலும் பரவாயில்லை. 2006 ஆகஸ்டில் மூதூரை விட்டுக் கந்தளாய்க்கு ஓடிவந்தவர்களைக் கேளுங்கள், அண்டை அயலாரின் அருமையைச் சொல்வார்கள்.

இருவருமாகப் போய் அஸர் முதல் இஷா வரை அங்கே இருந்து பாருங்கள். தண்ணீர், பாடசாலை, மத்ரஸா, கடைசி பஸ் எல்லாம் விசாரியுங்கள். பிறகு மஷூரா செய்து, இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள். உம்மாவைப் பார்க்க வரும் நாட்களையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். உறவைப் பேணுவதும் கடமையே.

அல்லாஹ் பரக்கத் செய்வானாக!