பிள்ளைக்கு ஒரு முழ மண்: அங்கன்வாடித் தோட்டங்களுக்கான கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைக்கும், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறைக்கும், ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி மன்றங்களுக்கும் முன்வைக்கும் சாசனம் இது. முன்வைப்பவர்கள், அங்கன்வாடியில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் பெற்றோரும், மாலையில் அவர்களை இடுப்பில் தூக்கி வரும் தாத்தா பாட்டிகளும்.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஊரில் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறோம். 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது. அந்தச் சோற்றுக்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். எங்களில் பலர் அதைத் தின்று வளர்ந்தவர்கள். ஆனால் பிள்ளையின் வயிற்றைக் கவனித்த அளவுக்கு இந்த மாநிலம் அதன் கையைக் கவனிக்கவில்லை. இதுவே எங்கள் முறையீடு.

காகிதத்தில் குறை இல்லை. நம் மையங்களுக்கென வந்த 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் விளையாட்டும் செயலுமே கல்வி என்கிறது. ஒன்றிய அரசின் போஷன் 2.0 திட்டம் மையந்தோறும் சத்துத் தோட்டம் போடச் சொல்கிறது. நாங்கள் பார்த்த மையங்களிலோ தோட்டம் என்பது பெரியவர்கள் போட்டு, பெரியவர்கள் தண்ணீர் ஊற்றி, அதிகாரி வரும் நாளில் படம் எடுத்துக்கொள்ளும் இடமாக இருக்கிறது. பிள்ளைகள் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். 'தொடாதே' என்பதுதான் அங்கே அவர்கள் கேட்கும் முதல் பாடம்.

மூன்று வயதுப் பிள்ளை விதையைப் புதைத்த மறுநாள் காலை அதைத் தோண்டிப் பார்க்கும். முளைத்துவிட்டதா என்ற கேள்விக்கு அதற்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அந்தக் கையைத் தட்டிவிடாமல், ஒரு கண்ணாடி டம்ளரின் உட்சுவரில் ஈரத் துணியை ஒட்டி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஓர் அவரை விதையைச் செருகிக் கொடுத்துப் பாருங்கள். விதை ஊதிப் பெருப்பதையும், தோல் வெடிப்பதையும், வெள்ளை வேர் கீழ்நோக்கியே போவதையும் பிள்ளை தோண்டாமலே பார்க்கும். டம்ளரைச் சாய்த்து வைத்தால் இரண்டொரு நாளில் வேர் மறுபடி கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். இதற்குச் செலவு ஒரு டம்ளர், ஒரு கந்தல் துணி, ஒரு விதை. இப்படிப்பட்ட காரியங்களைச் செய்ய மண்ணும் நேரமும் ஆளும் கேட்டுத்தான் இந்தச் சாசனம்.

மண்ணும் தண்ணீரும்

சொந்த இடம் உள்ள ஒவ்வொரு மையத்திலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முழத்துக்கு முழம் மண் ஒதுக்க வேண்டும். 25 பிள்ளைகளுக்கு ஒரு மாட்டுவண்டி நிற்கிற இடம் போதும். பெயரைப் படிக்கத் தெரியாத வயது என்பதால், பிள்ளை தானே தேர்ந்தெடுத்த கிளியோ நண்டோ மீனோ அதன் பாத்தியில் நட்ட குச்சியில் இருக்கட்டும். கூடவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாத்தி. 1837-இல் ஜெர்மனியில் சின்னப் பிள்ளைகளுக்கென நிறுவனம் தொடங்கிய ஃபிரோபெல் தோட்டத்தை இப்படித்தான் வகுத்தார்: பிள்ளைக்கு ஒரு தனிப் பாத்தி, அதோடு பொதுப் பாத்திகள். என்னுடையது எது, நம்முடையது எது என்பதை நாலு வயதில் சொல்லிக்கொடுக்க இதைவிட நேரான வழி இல்லை.

வாடகை வீட்டில், ஒற்றை அறையில் நடக்கும் மையங்களை மறந்துவிடாதீர்கள். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு மண்ணே அபூர்வம். அங்கே எண்ணெய் டின்னும், ஓட்டை வாளியும், சிமெண்ட் சாக்கும் போதும். ஆனால் அவற்றை வைக்க வெயில் படும் இடம் வேண்டும். வாடகை ஒப்பந்தம் போடும்போதே அந்த இடத்தை எழுதி வாங்க வேண்டும். கைப்பிடிச் சுவர் உயரமில்லாத மொட்டைமாடியில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது.

பெரியவர்களின் பூவாளியைப் பிள்ளையால் தூக்க முடியாது. அரை லிட்டர் பிடிக்கும் சின்னப் பூவாளியும், பிள்ளைக் கைக்கு அடங்கும் பிடி போட்ட கொத்தும் ஒவ்வொரு மையத்துக்கும் தர வேண்டும். இவற்றை அந்தந்த ஊர்க் கொல்லரிடமும் தச்சரிடமும் செய்து வாங்குங்கள். மாநிலத்துக்கே ஒரே டெண்டர் விட்டு வாங்கும் பிளாஸ்டிக் பொம்மைக் கருவி இரண்டு குத்தில் உடையும். உடைந்த பிறகு பிள்ளை கையில் மிஞ்சுவது ஏமாற்றம்தான். கை கழுவும் தண்ணீர் வீணாகாமல் வாழைக்கும் முருங்கைக்கும் போக வாய்க்கால் வெட்டிக் கொடுங்கள். மே மாதத்தில் மையம் மூடியிருக்கும் நாட்களில் தண்ணீர் ஊற்ற ஊராட்சி ஒருவரைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும். விடுமுறைக்குப் போய்விட்டு வரும் பிள்ளை காய்ந்த பாத்தியைப் பார்த்து அழக் கூடாது.

எந்த மண்ணுக்கு எந்த விதை

சென்னையில் அச்சடித்த ஒரே கால அட்டவணையை எல்லா மாவட்டங்களுக்கும் அனுப்பாதீர்கள். ஆடிப்பட்டம் தேடி விதைப்பது சமவெளிக்குச் சரி. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்ந்த பாத்தி மூழ்கும். அங்கே மண்ணை உயர்த்திக் கட்ட வேண்டும். ராமநாதபுரத்தில் தண்ணீருக்கே திண்டாட்டம். நீலகிரியில் கேரட்டும் பீன்ஸும் வரும். மாவட்டத்துக்கு ஒரு விதைப்பு நாட்காட்டியை வேளாண் அறிவியல் நிலையங்களும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து தயாரித்து, ஒவ்வொரு மையத்தின் சுவரிலும் ஒட்டத் தர வேண்டும்.

பயிரைத் தேர்ந்தெடுப்பதில் பிள்ளையின் பொறுமையைக் கணக்கில் வையுங்கள். வெந்தயம் இரண்டு மூன்று நாளில் முளைக்கும். முதல் வாரத்துக்கு அதுதான். பிறகு சிறுகீரை, ஒரு மாதத்துக்குள் பறித்துவிடலாம். வெண்டையை இரவே ஊறவைத்து நட்டால் ஒரு வாரத்துக்குள் எட்டிப் பார்க்கும், 50 நாள் வாக்கில் காய் பறிக்கலாம். அதற்குள் பிள்ளை மஞ்சள் பூவையும் அதன் நடுவில் கருஞ்சிவப்பையும் பார்த்துவிடும். வெண்டையை வட்டமாக அரிந்து வண்ணத்தில் தொட்டு அச்சுக் குத்தினால் நட்சத்திரம் விழும்; அதன் முனைகளை எண்ணச் சொல்லலாம். கொத்தமல்லி விதையை இரண்டாகத் தேய்த்து உடைக்கச் சொல்லுங்கள்: பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பென்சில் பிடிக்கப் பழகுவது அங்கேதான். விரலில் வலு வருவதற்கு முன்பே நோட்டில் கோடு கோடாக எழுதவைக்கும் தனியார் நர்சரிகளைப் பார்த்து எங்களில் பலர் ஏங்குகிறோம் என்பது உண்மை. அந்த ஏக்கத்தை நாங்கள் கைவிடுகிறோம். எங்கள் பிள்ளை ஏன் இன்னும் எழுதவில்லை என்று கேட்டு டீச்சரை நச்சரிக்க மாட்டோம் என்று இந்தச் சாசனத்தில் எழுதித் தருகிறோம்.

புடலைப் பிஞ்சின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது நம் கொல்லைகளின் பழைய வழக்கம். கல்லின் கனத்தில் காய் நேராக இறங்கும். பிள்ளை தன் உயரத்தோடு அந்தக் காயைத் தினமும் ஒட்டி நின்று பார்க்கட்டும். நூலால் அளந்து, நூலைச் சுவரில் ஒட்டட்டும். எது நீளம், எது குட்டை, நேற்றைவிட இன்று எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அந்த நூல்களிலேயே இருக்கிறது.

ஆளும் நேரமும்

எல்லாவற்றுக்கும் ஆதாரமான கோரிக்கை இதுதான். இது நிறைவேறாவிட்டால் மற்றவை எல்லாம் வெறும் சுற்றறிக்கை.

இப்போது மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர், அவ்வளவுதான். உதவியாளர் அடுப்படியில் இருக்கிறார். பணியாளர் எடை பார்க்கிறார், உயரம் அளக்கிறார், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போகிறார், கணக்கெடுப்புக்குப் போகிறார், தேர்தல் வேலைக்கும் போகிறார். போஷன் டிராக்கர் செயலியில் பதிவு ஏற்றுகிறார்; சிக்னல் கிடைக்காத ஊரில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். அந்த நேரத்தில் பிள்ளைகளோடு யார் இருக்கிறார்கள்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போ என்று அவரிடம் இன்னொரு வேலையாகச் சொல்வது அநியாயம். அப்படிச் சொல்லும் ஆணையை நாங்களே எதிர்ப்போம்.

ஆகவே, முன்பருவக் கல்விக்கென்றே ஒவ்வொரு மையத்திலும் இரண்டாவது பணியாளர் ஒருவரை முறையான ஊதியத்தில் நியமிக்க வேண்டும். காலை ஒரு மணி நேரம் எந்தச் செயலியும், எந்தக் கூட்டமும், எந்தப் பதிவேடும் பணியாளர்கள் இருவரையும் கூப்பிடக் கூடாது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இவர்கள் செய்வது தொண்டூழியம் என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இலவச முன்பருவக் கல்வி ஏற்பாட்டை அரசு செய்யலாம் என்கிறது, கட்டாயமாக்கவில்லை. தமிழ்நாடு தனக்கென ஒரு சட்டம் இயற்றி அதைக் கட்டாயமாக்கட்டும். காலை உணவுக்கு வழிகாட்டிய மாநிலம் இதற்கும் காட்டட்டும்.

பணியாளர்களுக்குப் பயிற்சி என்றால் மண்டபத்தில் உட்காரவைத்துத் திரையில் படம் காட்டுவது வேண்டாம். பாத்தியில் கால் வைத்து நடக்கட்டும். ஊரில் நாற்றுப் பிடுங்கியும் களை எடுத்தும் கை காய்த்த பெண்களை வாரம் ஒருநாள் மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள். எந்த விதை எந்த ஆழம் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தக் கையேட்டிலும் இல்லை. மகாராஷ்டிரத்தின் கோஸ்பாடில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் ஆடுமாடு மேய்க்கும் பழங்குடிப் பிள்ளைகளைத் தேடி மேய்ச்சல் வெளிக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். உமியும் கூழாங்கல்லும் இலையும் அங்கே பாடப்பொருள். பணமில்லாத இடத்தில்தான் அது நடந்தது.

பறித்தது பானைக்கு

பிள்ளை பறித்த கீரை அன்றைய மதியச் சாம்பாரில் விழ வேண்டும். கழுவுவது, ஆய்வது, நாரெடுப்பது எல்லாம் பிள்ளைகள் கையாலேயே நடக்கட்டும். கத்தியும் அடுப்பும் உதவியாளர் பொறுப்பு. தட்டில் ஒதுக்கிவைக்கும் கீரையைத் தான் நட்டது என்றால் பிள்ளை ஒரு வாயாவது ருசி பார்க்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை. தோட்டத்தைக் காரணம் காட்டி மையத்தின் காய்கறிச் செலவுத் தொகையில் ஒரு பைசாவும் குறைக்கக் கூடாது. முட்டையிலும் கை வைக்கக் கூடாது. எத்தனை கிலோ விளைந்தது என்று கேட்டு ஒரு படிவமும் வரக் கூடாது. விளைச்சல் கணக்கு வந்த நாளிலிருந்து பெரியவர்கள் உரம் போட்டு விளைவிக்க ஆரம்பிப்பார்கள், பிள்ளைகள் மறுபடி வேலிக்கு வெளியே நிற்பார்கள். செடி பட்டுப்போனால் போகட்டும். ஏன் பட்டுப்போனது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதும் பாடவேளைதான். சிறந்த தோட்டத்துக்கு விருது, மையங்களுக்கிடையே போட்டி எதுவும் வேண்டாம்.

ஆபத்துகள்

மையத்தைச் சுற்றி காட்டாமணக்கு, ஆமணக்கு, அரளி, ஊமத்தை, குன்றிமணிக் கொடி எதுவும் இருக்கக் கூடாது. காட்டாமணக்கு விதையைக் கடலை என்று தின்று பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. ஆண்டுக்கு இருமுறை உள்ளாட்சிப் பணியாளர்கள் வேரோடு பிடுங்கிச் சான்று தர வேண்டும். பயறும் கடலையும் மூக்கிலும் காதிலும் போகும் வயது இது. விதை கையில் இருக்கும்போது பெரியவர் கண் அங்கே இருக்க வேண்டும் என்பதும் இரண்டாவது பணியாளரைக் கேட்பதற்கு ஒரு காரணம். தொட்டிக்கு மூடி, தண்ணீர் தேங்காத பாத்தி, மண்ணில் இறங்கச் செருப்பு, முடிந்ததும் சோப்பு. பூச்சிமருந்து எந்தப் பெயரிலும் வேண்டாம்.

யாரும் வெளியே நிற்கக் கூடாது

நடக்க முடியாத பிள்ளைக்கு மேசை உயரத்தில் தொட்டி. பார்வையில்லாத பிள்ளைக்குக் கற்பூரவல்லி, துளசி, கறிவேப்பிலை: தொட்டும் முகர்ந்தும் அறியும் செடிகள். பெண்பிள்ளைதான் பெருக்க வேண்டும், பையன்தான் கொத்த வேண்டும் என்ற பிரிவினை பாத்தி ஓரத்திலேயே நிற்கட்டும். எந்தத் தெருவிலிருந்து வந்த பிள்ளை என்று பார்த்துக் குப்பை அள்ளும் வேலையும் எரு கொட்டும் வேலையும் கொடுக்கும் மையம் ஒன்று இருந்தாலும் அது குற்றம். எல்லா வேலையும் எல்லாப் பிள்ளைக்கும் சுற்றில் வர வேண்டும். எருக்குழியில் முதல் கூடையைப் பெற்றோராகிய நாங்கள் கொட்டுகிறோம், எல்லாத் தெருவிலிருந்தும் வந்து.

கால வரையறை

வரும் ஆடிப்பட்டத்தைத் தவற விடக் கூடாது. சித்திரைக்குள் அரசாணையும், வைகாசிக்குள் இடமும் தண்ணீரும், ஆனி முடிவதற்குள் விதையும் கருவியும் மையங்களுக்கு வந்து சேர வேண்டும். வீடுகளுக்கு மானிய விலையில் காய்கறி விதைத் தளை கொடுக்கும் தோட்டக்கலைத் துறை அங்கன்வாடிகளுக்கு இலவசமாகவே கொடுக்கட்டும். வேலியும் எருக்குழியும் ஊரக வேலைத் திட்டத்தில் போடட்டும். மையந்தோறும் பெற்றோர் ஐந்து பேர் கொண்ட தோட்டக் குழுவுக்குச் செலவுக் கணக்கைப் பார்க்கும் உரிமை வேண்டும். அந்தக் கணக்கு ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். இரண்டாவது பணியாளர் நியமனத்துக்கு மட்டும் ஓராண்டு அவகாசம் தருகிறோம். அதுவரை வாரம் இருமுறை, ஆளுக்கு ஒரு காலைப்பொழுது, நாங்கள் முறைவைத்து மையத்துக்கு வந்து பிள்ளைகளோடு பாத்தியில் நிற்போம். அதற்கு எங்களை அனுமதிக்கும் உத்தரவைக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்கள் முதலில் பிறப்பிக்க வேண்டும்.