சின்ன மீன்தானே?

காவிரிக் கரையில் வாழையும் நெல்லும் விளையும் தொட்டியத்தில் கடல் மீன் வளர்ப்பது வீண் செலவு என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கணக்கில் கடலைக் கலக்கி எடுக்கும் உழைப்பு பிடித்துப்போய்த்தான் செய்கிறேன். என் சண்டை வேறு ஒன்றோடு. கடல்நீர்த் தொட்டி வைக்க நினைக்கும் ஒவ்வொருவர் வாயிலும் வரும் "சின்ன மீன்தானே, யாரை என்ன செய்துவிடும்?" என்ற நம்பிக்கையோடு.

அதை நானும் நம்பினேன். மூன்றடித் தொட்டியில் முதன்முதலாக மூன்று டொமினோ டாம்செல் விட்டேன். கட்டைவிரல் நகத்தளவு உடம்பு, கன்னங்கறுப்பு, நெற்றியில் ஒன்றும் விலாவுக்கு ஒன்றுமாக வெள்ளைப் பொட்டு. "விலை கம்மி, லேசில் சாகாது, புதுத் தொட்டிக்கு இதுதான் சார் சரி" என்றார் விற்றவர். இரண்டு மாதத்தில் மூன்று ஒன்றானது. அடுத்து வாங்கிவிட்ட ஃபயர்ஃபிஷ் அன்றே மூலையில் ஒடுங்கிவிட்டது. நான்காம் நாள் காலையில் தரையில் காய்ந்து கிடந்தது. துரத்தல் தாங்காமல் எகிறிக் குதிப்பது அந்த மீனின் இயல்பு.

டொமினோ மேல் எனக்குக் கோபமில்லை. அதை முதல் மீனாக விடும் வழக்கத்தின் மேல்தான் கோபம். புதுத் தொட்டியில் மீன் கழிவு அம்மோனியாவாகும். பாக்டீரியா பெருகி அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்க நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அந்த நஞ்சைத் தாங்கும் என்பதற்காகவே டாம்செல்லை உள்ளே தள்ளுகிறார்கள். அந்த மீனுக்கு அது வதை. போதாததற்கு, ஒரு மாதம் ஆளில்லாத தொட்டியை அதன் பேருக்குப் பட்டா எழுதிக் கொடுத்ததாகவும் ஆகிறது. பிறகு வரும் எந்த மீனும் அதன் கண்ணுக்கு ஆக்கிரமிப்பாளன்தான்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மரியாதைதான் தோன்றும். பவளப்பாறையில் சில வகை டாம்செல்கள் பாசியைப் பயிர் செய்கின்றன. வேண்டாத பாசியை வாயால் பிடுங்கி எறிகின்றன. மேய வரும் கிளிமீன் தம்மைப்போலப் பல மடங்கு பெரிதானாலும் பாய்ந்து விரட்டுகின்றன. முட்டைக்குக் காவல் இருப்பது ஆண். துடுப்பால் விசிறிக்கொண்டே வருவோரையெல்லாம் கடிக்கும். நம் வாழைக்குள் மாடு புகுந்தால் நாம் சும்மா இருப்போமா? ஆனால் கடலில் துரத்தப்பட்டவனுக்குப் பத்தடி தள்ளி வேறு பாறை உண்டு. தொட்டியில் நான்கு பக்கமும் கண்ணாடி. கடலில் எல்லைத் தகராறாக முடிவது இங்கே கொலையாகிறது.

நகத்தளவில் வாங்கும் டொமினோ 14 சென்டிமீட்டர் வரை வளரும் என்பதையும் விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

2003இல் வந்த படத்துக்குப் பிறகு எல்லோரும் கொஞ்சும் கோமாளி மீன் 'நீமோ'வும் இதே குடும்பம்தான். கோமாளி மீன் கூட்டத்தில் பெரியதுதான் பெண். அடித்து அடக்கித்தான் மற்றவற்றைக் கீழே வைத்திருக்கிறது. ஒரு ஜோடியோடு நிறுத்தினால் பெரும்பாலும் பிழையில்லை. வேறு இனக் கோமாளியையும் சேர்த்தால் சிறிய தொட்டி தாங்காது.

"நாலைந்தாக விட்டால் அடி பங்கு பிரியும்" என்பார்கள். நன்னீர் சிக்லிட் வளர்ப்பவர்களின் உத்தி அது. உப்புநீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு. மூன்றடித் தொட்டியில் மீனை நெருக்கினால் அடிக்கு முன்னால் மூச்சு முட்டும். "பண்ணையில் பிறந்தது சாதுவாக இருக்கும்" என்பார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் கோமாளிகளையும் டாம்செல்களையும் பொரிப்பித்துக் காட்டியது பெரிய காரியம். கடலில் வலை வீசும் தேவையைக் குறைக்கும் வழி அது. வாங்குவதென்றால் பண்ணை மீனைத்தான் வாங்க வேண்டும். ஆனால் எல்லை காக்கும் குணம் முட்டைக்குள்ளேயே இருக்கிறது.

மீனே இல்லாமல், தினம் ஒரு சிட்டிகை தீவனம் அழுகவிட்டும் தொட்டியைப் பழக்கலாம். பிறகு சாதுக்களை முதலில் விட வேண்டும். முரடு எதுவானாலும் கடைசியில். டொமினோவைப் பொதுத் தொட்டியில் விடவே கூடாது.

என்னுடையதைப் பிடிக்கப் பாறை முழுவதையும் வெளியே எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. இப்போது அதற்குத் தனித் தொட்டி. கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் விரலைக் கடிக்க வருகிறது.