காருக்கு வரி: விலையைப் பார்த்தது போதும், எடையைப் பாருங்க!

புது கார் வாங்கினால் ஆயுள் வரி கட்டவேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த வரியை எதை வைத்துப் போடுகிறார்கள்? காரின் விலையை வைத்து!

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இந்த வரியை உயர்த்தினார்கள். 5 லட்ச ரூபாய் வரை 12 சதவீதம். 10 லட்சம் வரை 13. 20 லட்சம் வரை 18. அதற்கு மேல் 20. அதாவது, 10 லட்ச ரூபாய் காருக்கு வரி 1 லட்சத்து 30 ஆயிரம். விலை கொஞ்சம் நகர்ந்து 10 லட்சத்தைத் தாண்டியதோ, வரி 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேலே போய்விடும்!

வசதி உள்ளவர் கூடக் கட்டட்டும். அது சரிதான். ஆனால் பஸ் ஸ்டாப்பில் நின்று புகையை விழுங்குகிறவருக்குக் காரின் விலையா முக்கியம்?

எடைதான் முக்கியம். அண்ணா சாலையில் நூறு அடிக்கு ஒரு தடவை வண்டி நிற்கிறது, கிளம்புகிறது. 2 டன் காரை நின்ற இடத்திலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர, 1 டன் காருக்கு ஆவதைப் போல இரண்டு மடங்கு சக்தி வேண்டும். அடுத்த சிக்னலில் பிரேக் போட்டால் அத்தனையும் சூடாகிக் காற்றோடு போச்சு! மறுபடி பெட்ரோல், மறுபடி புகை.

1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. (பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதானே என்று கேட்கலாம். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்துகொள்கிறது.) லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் கார், கிலோமீட்டருக்கு 115 கிராம் கக்கும். 10 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் கார் 230 கிராம்!

வேடிக்கை என்னவென்றால், குறைவாகக் குடிக்கும் ஹைபிரிட் காருக்கு விலை அதிகம். விலையை மட்டும் பார்த்தால் அதற்குத்தான் வரியும் கூடுகிறது. இது என்ன கணக்கு?

மத்திய அரசின் விதி இன்னும் வேடிக்கை. ஒரு கம்பெனி விற்கும் கார்கள் சராசரியாக இவ்வளவு கிராமுக்கு மேல் கக்கக்கூடாது என்று வரம்பு உண்டு. 2022-23இல் வந்த இரண்டாம் கட்டத்தில் அது 113 கிராம் அளவு. ஆனால் கம்பெனியின் கார்கள் கனமாக இருந்தால் வரம்பும் தளர்கிறது. குண்டாக இருந்தால் சலுகையாம்!

பிரான்சில் 2022இல் எடை வரி கொண்டுவந்தார்கள். புது கார் 1,800 கிலோவைத் தாண்டினால், கூடுதலாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 யூரோ. 2024இல் வரம்பை 1,600 கிலோவாகக் குறைத்தார்கள். மூன்று பிள்ளைகளும் அதற்கு மேலும் உள்ள வீட்டுக்குப் பிள்ளைக்கு 200 கிலோ கழிவு. பெரிய குடும்பத்தின் வயிற்றில் அடிக்கவில்லை.

பஸ் மட்டும் கனமில்லையா என்று சிலர் கேட்பார்கள். 10 டன் பஸ்ஸில் 60 பேர் போனால் ஆளுக்கு 170 கிலோகூட வராது. 2 டன் காரில் பல நாள் டிரைவர் சீட்டில் மட்டும்தான் ஆள்!

எடை வரி நமக்குப் புதிதும் அல்ல. தமிழ்நாட்டின் பழைய வரி அட்டவணையிலேயே 700 கிலோ, 1,500 கிலோ, 2,000 கிலோ என்று கார்களைப் பிரித்திருந்தார்கள். இதற்காகப் புதிதாக எடை மேடை கட்ட வேண்டாம். ஒவ்வொரு காரின் எடையும் ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கிறது. விலை வரியை ஒரு பங்கு குறைத்து, அந்தப் பங்கை எடைமேல் போடட்டும். சின்ன கார் வாங்கும் கடைக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் மிச்சமாகும். 2 டன் கார்தான் வேண்டும் என்கிறவர் வாங்கட்டும், யார் தடுத்தது? அதற்குரிய வரியைக் கட்டிவிட்டு ஓட்டட்டும்.