ஓரத்தில் நின்றவர்

கணினியில் ஒரு படத்தை நறுக்குவது எளிது; ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போதும். ஆனால் தோழியரே, வெளியே விழுபவர் யார் என்று பார்க்கிறோமா?

2020 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில், காலநிலையைக் காக்கக் குரல் கொடுக்கும் ஐந்து இளம்பெண்கள் படத்துக்கு நின்றனர். ஏ.பி. செய்தி நிறுவனம் வெளியிட்ட படத்திலோ நால்வரே இருந்தனர். ஓரத்தில் நின்ற உகாண்டா நாட்டு வனெஸ்ஸா நகாடே, ஐவருள் ஒரே கறுப்பினப் பெண், காணோம்! பின்னாலிருந்த கட்டடம் கண்ணை உறுத்தியதாம். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள்.

அவர்களைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. இம்மலருக்காக விளையாட்டு விழாப் படத்தை நறுக்கியவள் நானே. கோப்பை நடுவில் வரவேண்டுமென்று, தண்ணீர்க் குடத்துடன் ஓரமாய் நின்ற ஆயாம்மாவை வெட்டிவிட்டேன். நல்லவேளை, வெட்டியது பிரதியைத்தான். மூலப்படம் பத்திரமாக இருக்கிறது. கோப்பை சற்றுச் சிறிதாகத் தெரிந்தாலும் அதையே அச்சிடும்படி சிஸ்டரிடம் கேட்டிருக்கிறேன்.